மேற்பார்வையாளர் கையெழுத்து

"இவ்வளவுதானா? ஒரே ஒரு தாளா?"

நோரீன் ப்ரோஹாஸ்கா காகிதத்தைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"வந்தது அவ்வளவுதான்" என்றார் டுவெய்ன். ஆஸ்பத்திரியின் நிர்வாகி அவர். நல்ல மனிதர். ஆனால் அரசாங்க முத்திரை உள்ள எதைப் பார்த்தாலும் அவருக்குக் கழுத்தில் சிவப்புத் திட்டுகள் வந்துவிடும். இப்போதும் வந்திருந்தன.

மாநில உரிமத் துறையிலிருந்து வந்த தாள் அது. மேலே 'மேற்பார்வை ஒப்பந்தம்' என்ற தலைப்பு. அதன் கீழே, 'நோரீன் ப்ரோஹாஸ்கா, மயக்க மருந்து நர்ஸ்' என்ற பெயரும் லைசென்ஸ் எண்ணும். அதற்கும் கீழே ஒரு நீளக் கோடு. கோட்டின் மேல் சிவப்பு மையில் யாரோ எழுதியிருந்தார்கள்: 'மேற்பார்வையாளர் கையெழுத்து இல்லை. வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் வராவிட்டால் அனுமதி கிடையாது.'

"எனக்கு எதுக்கு மேற்பார்வையாளர், டுவெய்ன்? நம்ம மாநிலத்துல மயக்க மருந்து நர்ஸ் யாருக்குக் கீழயும் வேலை செய்ய வேண்டாம்னு சட்டம் இருக்கு. நான் இங்க வந்து இருபத்தாறு வருஷம் ஆச்சு."

"சட்டத்தை மாத்திட்டாங்களோ என்னவோ. ஒவ்வொரு குளிர்காலமும் தலைநகர்ல உக்காந்து எதையாவது மாத்திக்கிட்டேதான இருக்காங்க. ஒரு டாக்டர்கிட்ட கையெழுத்து வாங்கிடுங்களேன். ஒரு நிமிஷ வேலை."

ஒரு நிமிஷ வேலை. அன்றைக்குத் திங்கட்கிழமை.

சுற்று வட்டாரத்தில் மூன்று மாவட்டங்களுக்கும் சேர்த்து ஒரே ஒரு மயக்க மருந்து நர்ஸ் நோரீன்தான். மயக்க மருந்து டாக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் நூற்றுப் பத்து மைல் போக வேண்டும். குடலிறக்கமோ, பித்தப்பையோ, பிரசவமோ, டிராக்டரில் மாட்டிய கையோ, யாரைப் படுக்க வைத்தாலும் தலைமாட்டில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து மூச்சை எண்ணிக்கொண்டிருப்பவள் அவள்தான். யாருடைய தாடிக்கு மூக்குமூடி சரியாகப் பதியாது, யாருடைய பல் ஆடும், யார் மயக்கம் தெளியும்போது அழுவார்கள், எல்லாம் அவளுக்குத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லைசென்ஸைப் புதுப்பிப்பாள். படிக்க வேண்டிய வகுப்புகளையெல்லாம் கெடுவுக்கு ஆறு மாதம் முன்பே முடித்துவிடுவாள். தேசியச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டி வைத்திருந்தாள். அதில் ஒரு தூசி இருக்காது.

அப்படிப்பட்டவளுக்கு மேற்பார்வையாளராம்.

முதலில் துறைக்கே போன் போட்டாள். "வரிசையில் நீங்கள் நூற்றுப் பதினான்காவது ஆள்" என்றது இயந்திரக் குரல். பிறகு ஒரு மணி நேரம் வயலின். கடைசியில் கோப்பு எண்ணை அழுத்தச் சொன்னது. அழுத்தினாள். "உங்கள் கோப்பில் மேற்பார்வையாளர் கையெழுத்து நிலுவையில் உள்ளது. அழைத்தமைக்கு நன்றி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டது.

வீட்டில் கெல்வின் உருளைக்கிழங்கை மென்றுகொண்டே கேட்டான். அவள் கணவன். கோதுமையும் சூரியகாந்தியும் போடுபவன்.

"இதுக்கா மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க? எனக்கு முப்பது வருஷமா ஒரு மேற்பார்வையாளர் இருக்கா. நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"உனக்குத் தேவை இருக்கு கெல்வின்."

"அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டு அவன் இன்னொரு கிழங்கை எடுத்துக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமை காலையில் நோரீன் டாக்டர் லுண்டுக்குப் போன் செய்தாள். வியாழக்கிழமைதோறும் நகரத்திலிருந்து வந்து ஆபரேஷன் செய்துவிட்டுப் போகும் சர்ஜன் அவர். பதினோரு வருஷமாக அவள் தலைமாட்டில் இருக்கிறாள் என்றால்தான் கத்தியையே எடுப்பார்.

"இதென்ன கேள்வி நோரீன்? உங்களுக்குப் போடாம யாருக்குப் போடப் போறேன்? இருந்தாலும்… என் வக்கீல்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன். சும்மா ஒரு முறைக்கு."

வக்கீல் சும்மா இருக்கிற ஆள் இல்லை. மத்தியானமே பதில் வந்துவிட்டது. டாக்டர் கையெழுத்துப் போடக்கூடாது. அதோடு நிற்கவில்லை. இந்த விவகாரம் தீரும்வரை அந்த நர்ஸை வைத்துக்கொண்டு அவர் ஆபரேஷனும் செய்யக்கூடாது.

"நான் கேட்டிருக்கவே கூடாது நோரீன். மன்னிச்சுக்குங்க" என்றார் டாக்டர் லுண்ட். குரல் உண்மையாகவே உடைந்திருந்தது.

வியாழக்கிழமை ஆபரேஷன்கள் எல்லாம் ரத்து. டுவெய்ன் கழுத்தில் இருந்த திட்டுகள் காது வரைக்கும் ஏறின.

சேதி மார்ஜி கடைக்குப் போனது. அந்த ஊரில் எந்தச் சேதியும் மார்ஜி கடையில் ஒரு காப்பி குடித்துவிட்டுத்தான் வெளியே வரும், வரும்போது கொஞ்சம் பருத்திருக்கும். மூன்று மணிக்கு நோரீனின் லைசென்ஸ் சந்தேகத்தில் இருந்தது. நாலு மணிக்குப் பறிபோய்விட்டது. ஐந்து மணிக்கு, அவள் யாரையோ தூங்க வைத்து, அந்த ஆள் இன்னும் எழுந்திருக்கவில்லை. ஆறு மணிக்கு அவள் வீட்டு வாசலில் ஏழு பாத்திரங்கள் இருந்தன. எல்லாமே நூடுல்ஸும் பாலாடைக்கட்டியும் போட்டு அடுப்பில் சுட்டவை. அந்த ஊரில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால்தான் அப்படிப் பாத்திரம் வரும்.

"கவலையை விடு" என்றான் கெல்வின், மூடிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தபடி. "ரெண்டு வாரத்துக்குச் சாப்பாடு இருக்கு."

பாத்திரம் கொண்டுவராமல் வந்தவள் டெஸ் மட்டும்தான். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுபவள். வியாழக்கிழமை அவளுக்குச் சிசேரியன் ஆகியிருக்க வேண்டும். வாசல் கதவு நிறைய நின்றாள்.

"நிஜமாவே லைசென்ஸ் போயிடுச்சா?"

"இல்லடி. ஒரு கையெழுத்துதான் குறையுது."

"என்னை நூத்துப் பத்து மைல் தள்ளிப் போகச் சொல்றாங்க. முதல் குழந்தைக்கு அங்கதான் போனேன். முதுகுல ஊசி போட்ட ஆளு என் பேரக்கூடக் கேக்கல. எங்க அண்ணன் மார்ல பன்றி உதைச்சப்ப ராத்திரி பூரா நீங்க அவன் தலைமாட்டுல உக்காந்திருந்தீங்க. நான் எங்கயும் போறதா இல்ல." வயிற்றைத் தட்டிக்கொண்டாள். "திங்கட்கிழமை வரைக்கும் அடங்கி இருன்னு இதுகிட்டயும் சொல்லிட்டேன். கையெழுத்து கிடைச்சா டாக்டர் லுண்ட் அன்னிக்கு வருவாராம். அதுக்குள்ள அத வாங்கிடுங்க."

அவள் போனபிறகு நோரீன் வெகுநேரம் கதவைப் பிடித்தபடி நின்றாள். அதுவரை அது மானப் பிரச்சினையாக இருந்தது. இப்போது அதற்கு ஒரு தேதி வந்துவிட்டது.

புதன்கிழமை டாக்டர் கிம்பலிடம் போனாள். எண்பத்திரண்டு வயது. ஓய்வுபெற்றுத் தக்காளி வளர்க்கிறார். ஊரில் பாதிப் பேரைப் பூமிக்கு வரவேற்றவர்.

"குடு பொண்ணே, குடு. இதுக்குப் போயி இவ்வளவு தூரம் யோசிச்சியா?" என்று தக்காளிக் கூடையின் மேலேயே தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். ஓரத்தில் ஒரு சிவப்புக் கறையும் விழுந்தது.

நோரீனுக்குக் கண் கலங்கிவிட்டது. நேரே ஆஸ்பத்திரிக்கு வந்து, படம் எடுத்து, துறையின் இணையதளத்தில் ஏற்றினாள். பச்சை நிறத்தில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிச் சுற்றிச் சிவப்பானது.

'கையெழுத்திட்டவரின் லைசென்ஸ் ஒன்பது ஆண்டுகளுக்கு முன் காலாவதியானது. இக்கோப்பு பூட்டப்பட்டது. இனி அசல் கையெழுத்துள்ள தாளை நேரில் மட்டுமே ஒப்படைக்க முடியும்.'

"ஒன்பது வருஷமா?" என்றார் டாக்டர் கிம்பல் போனில். "போன கோடையில மார்ஜிக்கு இருமல் மருந்து எழுதிக் குடுத்தேனே! சரி, அத யார்கிட்டயும் சொல்லாத."

டுவெய்ன் புதிதாக ஒரு தாளை அச்சடித்துக் கொடுத்தார்.

"இனி மிச்சம் இருக்கறது ஒரே ஒரு டாக்டர்தான் நோரீன்."

"தெரியும். சொல்லாதீங்க."

"கார்லைல்."

"சொல்லாதீங்கன்னேன்!"

டாக்டர் பிரென்ட் கார்லைல் பாத வைத்தியர். வந்து எட்டு மாதம் ஆகிறது. பழைய விதைக் கடையை வாங்கிக் கண்ணாடி போட்டுக் கிளினிக் ஆக்கியிருந்தார். பெயர்ப்பலகை நெடுஞ்சாலையிலிருந்தே தெரியும். கட்டைவிரல் நகத்தை எடுத்தாலும் இதயத்தை மாற்றி வைத்ததுபோல் கையுறையைக் கழற்றுவார். ஒரு கூட்டத்தில் நோரீனைப் பார்த்து, "ஓ, மருந்து கலக்கற அம்மாவா?" என்று கேட்டவர். அதை அவள் மறக்கவில்லை.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போனாள். வரவேற்பில் இருந்த ஷாரி, "டாக்டர் ஆபரேஷன்ல இருக்காரு. உக்காருங்க" என்றாள்.

"என்ன ஆபரேஷன்?"

"ஆர்லோவுக்குக் கால் விரல் எலும்பு. இப்பல்லாம் இங்கயே லேசா மயக்கம் குடுத்துப் பண்றோம்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு ஷாரியும் உள்ளே போனாள்.

ஆர்லோ லாரி ஓட்டுபவன். கழுத்து என்று தனியாக ஒன்று கிடையாது, தலை நேரே தோளில் உட்கார்ந்திருக்கும். மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து அவன் குறட்டை வந்தது. நோரீன் பாதங்களைப் பற்றிய ஒரு பத்திரிகையை எடுத்தாள். புரட்டினாளே தவிர, அவள் காது கதவில்தான் இருந்தது. அது அவளுக்குப் பழகிப் போன வியாதி. எந்தக் குறட்டையைக் கேட்டாலும் தன்னையறியாமல் எண்ண ஆரம்பித்துவிடுவாள்.

குறட்டை கனத்தது. இழுத்தது. இடையில் விட்டு விட்டு வந்தது.

பிறகு நின்றது.

நோரீன் பத்திரிகையைத் தாழ்த்தினாள். ஐந்து. ஆறு. உள்ளே டாக்டர் ஏதோ கோல்ப் ஆட்டத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்பது. பத்து. ஷாரி சிரித்தாள்.

பன்னிரண்டில் அவள் கதவைத் திறந்துவிட்டாள்.

"ஏய்! யார் உங்கள உள்ள விட்டது? இங்க எல்லாம் சுத்தமா…"

"அவன் மூச்சு விடலை."

"தூங்கறான். நல்லாத் தூங்கட்டும்னுதான் ரெண்டாவது ஊசியும்…"

ஆர்லோவின் உதடு நாவல்பழ நிறத்தில் இருந்தது. நோரீன் தலைமாட்டுக்குப் போய் இரண்டு கையாலும் அவன் தாடையை முன்னால் தூக்கினாள். குரலை உயர்த்தவில்லை.

"ஷாரி, ஆக்சிஜன். அந்தப் பையும் மூக்குமூடியும் இப்படிக் குடு. முறிமருந்து எந்த டிராயர்ல இருக்கு?"

"முறி… முறிமருந்தா?"

"மயக்கத்தை முறிக்கற மருந்து. ரெண்டு சின்னக் குப்பி இருக்கும். தேடு. டாக்டர், நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வெளிச்சத்த மறைக்கறீங்க."

டாக்டர் கார்லைல் தள்ளி நின்றார். சுவர் இருக்கும்வரை தள்ளிப் போனார்.

நோரீன் பையை அழுத்தினாள். ஆர்லோவின் பெரிய மார்பு எழும்பியது, தாழ்ந்தது. மறுபடி எழும்பியது. ஷாரி பிரிக்கவே பிரிக்காத ஒரு பெட்டியைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தாள். இரண்டு நிமிஷத்தில் உதட்டில் ரோஜா நிறம் வந்தது. நாலாவது நிமிஷத்தில் ஆர்லோ கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான்.

"நோரீன்… உங்களுக்கு லைசென்ஸ் போயிடுச்சுன்னாங்களே."

"மூச்சை இழுத்து விடு ஆர்லோ. பேசாத."

மேலும் ஒரு மணி நேரம் அவன் பக்கத்திலேயே இருந்தாள். அவன் எழுந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, விரல் போச்சா இருக்கா என்று எட்டிப் பார்த்தபிறகுதான் எழுந்தாள். ஷாரியை அவன் கட்டிலருகே உட்கார வைத்து, எதை எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாள்.

வெளியே டாக்டர் கார்லைல் தன் அறையில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. ரத்தத்தோடு மற்றதெல்லாமும் திரும்பியிருந்தது.

"பரவால்ல, நல்லாத்தான் செஞ்சீங்க. நல்ல வேளை, நான் பக்கத்துலயே இருந்தேன். இல்லேன்னா என்ன ஆகியிருக்கும்?"

நோரீன் வாயைத் திறந்தாள். டெஸ் வாசல் நிறைய நின்றது நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டாள். தாளை மேஜையில் வைத்தாள்.

"ஓ, மேற்பார்வையா?" அவர் சாய்ந்து உட்கார்ந்தார். "பெரிய பொறுப்பாச்சே. உங்கள மாதிரி ஆளுங்களுக்கு மேல ஒரு கண்ணு வேணும்னு நான் எப்பவும் சொல்றதுதான். இன்னிக்கு அதத்தான நிரூபிச்சோம்? சரி. வாராவாரம் எனக்கு ஒரு அறிக்கை எழுதித் தரணும். எந்த மருந்து, எவ்வளவுன்னு. புரியாத இடத்துல என்னைக் கேக்கணும். வெக்கப்படக் கூடாது."

"சரி."

"சரி, டாக்டர்."

"…சரி, டாக்டர்."

தங்க நிறப் பேனாவை எடுத்தார். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை. "காகிதமெல்லாம் ஷாரி பாடு. அவ நீட்டுவா, நான் போடுவேன்" என்று சொல்லிக்கொண்டே கோடு முழுவதையும் நிரப்பி, கோட்டுக்கு வெளியேயும் போய், அடியில் இரண்டு முறை இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

காரில் ஏறிக் கதவைச் சாத்தியபிறகுதான் நோரீனுக்குக் கண்ணீர் வந்தது. இருபத்தாறு வருஷத்தில் ஒரு டாக்டரிடம்கூட அவள் பயந்து 'சரி, டாக்டர்' என்று சொன்னதில்லை. துடைத்துக்கொண்டாள். டெஸ்ஸுக்காக ஒரு தடவை சொன்னால் குறைந்துவிட மாட்டேன் என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டாள். காரில் வேறு யாரும் இல்லை.

வெள்ளிக்கிழமை கெல்வின் வண்டியை ஓட்டினான். தலைநகர் நாலரை மணி நேரம். நோரீன் மடியில் ஒரு பாத்திர நூடுல்ஸ். வழியில் இரண்டு முறை அவன் ரேடியோவை அணைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான்.

துறையின் கட்டடத்தை அடைந்தபோது மணி மூன்று இருபது. நான்காவது ஜன்னலில் ஓட்டிஸ் என்று பெயர் குத்திய வயதான குமாஸ்தா ஒருவர் ஆப்பிளைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார்.

"நோரீன் ப்ரோஹாஸ்கா" என்றாள் அவள். நிமிர்ந்து நின்றாள். "மயக்க மருந்து நர்ஸ். இருபத்தாறு வருஷம். என் ஊசியால யாருக்கும் ஒரு குறை வந்ததில்லை. நேத்துகூட ஒருத்தன் உயிர் தங்கிச்சு. எனக்கு மேற்பார்வையாளர் எதுக்குன்னு எனக்கு இன்னும் புரியல. ஆனா நீங்க கேட்டீங்க, கொண்டுவந்துட்டேன். திங்கட்கிழமை எனக்கு ஒரு சிசேரியன் இருக்கு. முத்திரையக் குத்துங்க."

ஓட்டிஸ் ஆப்பிளை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார். தாளைப் பார்த்தார். கணினியைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார்.

"உங்க லைசென்ஸ் சரியாத்தானே இருக்கு. அடுத்த வருஷம் வரைக்கும் ஓடுது. அத யாரும் தொடவே இல்லையே."

"அப்ப இது என்ன?"

அவர் கோட்டைத் தாண்டி ஓடிய கையெழுத்தின் மேல் விரலை வைத்தார்.

"இது யார் போட்டது?"

"டாக்டர் பிரென்ட் கார்லைல். பாத வைத்தியர்."

"அவரே, அவர் கையாலயா?"

"அவர் கையாலதான். தங்கப் பேனாவுல. நான் பாத்துக்கிட்டே இருந்தேன்."

ஓட்டிஸ் கண்ணாடியைக் கழற்றினார். சிரிப்பில் தோள் குலுங்கியது. பக்கத்து ஜன்னல்காரியைக் கூப்பிட்டுத் தாளைக் காட்டினார். அவளும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அவர் கணினித் திரையை நோரீன் பக்கம் திருப்பி வைத்து, மிகுந்த மரியாதையோடு ஒரு பேனாவை அவள் கையில் கொடுத்தார்.

"யாரும் தனக்குத்தானே மேற்பார்வையாளரா இருக்க முடியாதும்மா, கிளினிக்ல மயக்கம் குடுக்க அனுமதி கேட்டு விண்ணப்பம் போட்டிருக்கறதே அந்த டாக்டர்தான், அவர மேற்பார்வை பண்ண உங்க ஊர்ல தகுதியுள்ள ஒரே ஆளுன்னு அவர் விண்ணப்பத்துல எழுதிக் குடுத்திருக்கறது உங்க பேரு."